கர்னல் சி. கே. நாயுடு: ஆட்டமும் எஞ்சிய அடையாளங்களும்

சங்கங்களின் ஆண்டு மலர்களிலே புலவர்களின் வரலாறும் தேசபக்தர்களின் வரலாறும் இடம் பெறுவது வழக்கம். அது தக்கதே. ஆயினும் விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கை அவ்வரிசையில் வைத்து எழுதப்படுவது அரிதாக இருக்கிறது. நம் காலனிப் பிள்ளைகளைப் பாருங்கள். மாலை வேளையில் மதிற்சுவரில் கரிக்கோட்டால் மூன்று குச்சிகளை வரைந்துவிட்டு அவர்கள் கிரிக்கெட் ஆடாத நாள் இல்லை. இன்றைய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எத்தனை கோடி ரூபாய்க்கு ஏலம் போனார் என்பதை அவர்கள் தப்பாமல் சொல்வர். இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்திலே காப்டனாக நின்றவர் யாவர் என்று கேட்டாலோ விழிப்பர். பெற்றோரிலும் பலர் விழிக்கவே செய்வர். அப்பெரியவரின் வரலாற்றையும், அவர் ஆட்டத்தின் அடையாளமாக இன்று நம் கைக்கு எட்டக்கூடியவை எவை என்பதையும் இம்மலரில் எழுத முற்பட்டோம்.

இதற்கு வேறு இரு காரணங்களும் உண்டு. பிழைப்பின் பொருட்டுச் சொந்த நாட்டை விட்டு வந்து, அயல்மொழி வழங்கும் ஊரில் வேரூன்றிய குடும்பங்கள் நம்முடையவை. நாயுடுவின் குடும்பமும் அத்தகையதே. மேலும், அவருடைய கை வன்மையை நம் மைசூர் ராஜ்யமே ஒருமுறை மைதானத்தில் நின்று அனுபவிக்க நேர்ந்தது. அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்லுவோம்.

கோட்டாரி கனகையா நாயுடு 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். வீட்டில் வழங்கிய மொழி தெலுங்கு. தெருவில் வழங்கிய மொழி மராத்தி. வெள்ளையர் நடத்திய பள்ளியில் வழங்கிய மொழி ஆங்கிலம். ஆந்திர தேசத்திலிருந்து வந்து அவ்வூரிலே நிலைபெற்ற குடும்பம் அது. பாட்டனார் நாராயணசாமி நாயுடு நாகபுரியில் பெயர் பெற்ற வக்கீல்; காங்கிரஸ் மகாசபை தோன்றிய காலத்திலேயே அதில் ஈடுபட்டவர். தந்தையார் சூரியப்பிரகாச ராவ் கேம்பிரிட்ஜ் சென்று படித்துத் திரும்பியவர். ஆகவே செல்வத்துக்கோ கல்விக்கோ குறைவில்லாத வீடு. எனினும் பையனுக்குப் புத்தகத்தைவிட மட்டையில்தான் மனம் சென்றது. தந்தையாரும் தடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பந்தைத் தரையோடு தள்ளிக்கொண்டிராமல் தூக்கி அடிக்கும் துணிவு இளமையிலேயே அவருக்கு அமைந்துவிட்டது.

அக்காலத்தில் பம்பாயில் நடந்த நாற்கோஷ்டிப் பந்தயம் இந்தியக் கிரிக்கெட்டின் தலையாய திருவிழா. ஐரோப்பியர், பார்ஸிகள், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் என்று சமயமும் சாதியும் பார்த்துக் கோஷ்டி பிரித்து ஆடிய பந்தயம் அது. ஆட்டத்துக்கு அத்தகைய பிரிவினை வேண்டுமா என்று காந்தியடிகள் உள்ளிட்ட பெரியோர் பின்னாளில் கேட்டனர். 1946-இல் அது நின்றும் போயிற்று. நின்றது நன்றே. ஆனால் நாயுடு தலையெடுத்த நாளில் வேறு மேடை இல்லை. 1916-இல் ஹிந்து கோஷ்டியில் ஐரோப்பியருக்கு எதிராக அவர் முதன்முதல் இறங்கியபோது, 79 ரன்னுக்கு 7 விக்கெட் விழுந்திருந்தது. ஒன்பதாவது ஆளாக வந்த இருபது வயது இளைஞர் முதல் மூன்று பந்துகளை அமைதியாகத் தடுத்தார். நான்காவது பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் தூக்கி ஸிக்ஸர் அடித்தார். முதல் தரப் பந்தயங்களில் அவர் எடுத்த முதல் ரன்களே அந்த ஆறுதான்.

1923-இல் ஹோல்கார் மன்னர் அவரை இந்தூருக்கு அழைத்துத் தம் சமஸ்தானப் படையில் காப்டன் பதவி அளித்தார். பிற்காலத்தில் கர்னல் என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே தொடக்கம். சமஸ்தானங்கள் சங்கீத வித்துவான்களையும் மல்லர்களையும் ஆதரித்தது போலவே கிரிக்கெட் ஆட்டக்காரர்களையும் ஆதரித்த காலம் அது. ரயில்வேயில் காலம் தள்ளும் நமக்கு இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. நாகபுரியிலிருந்து இந்தூர் போகிறவர் அந்நாளில் கண்டுவாவில் அகலப் பாதை வண்டியை விட்டிறங்கி மீட்டர் பாதை வண்டியில் ஏற வேண்டும். அந்த மீட்டர் பாதையும் ஹோல்கார் அரசர் ஒருவர் கடனாகக் கொடுத்த ஒரு கோடி ரூபாயில் எழுந்ததே. நம் பெங்களூர் - மைசூர்ப் பாதையும் நெடுங்காலம் மீட்டர் பாதையாகவே இருந்ததை மூத்தோர் அறிவர். நிற்க.

நாகபுரித் தெலுங்கரான நாயுடு அதுமுதல் இந்தூர்வாசியானார். இந்தூர் மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டனர். அவ்வூரிலேயே வாழ்ந்து, அவ்வூரிலேயே அவர் காலமானார்.

நாடு முழுவதும் அவர் பெயர் பரவிய நாள் 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 1. ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம். ஸி. ஸி. கோஷ்டி இங்கிலாந்திலிருந்து வந்திருந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஹிந்து கோஷ்டியோடு ஆடிய அவர்கள் முதலில் 363 ரன் எடுத்தார்கள். அவர்களில் கை ஏர்ல் என்பவர் 8 ஸிக்ஸர்களோடு 130 அடித்திருந்தார். மறுநாள் ஹிந்துக்கள் 84 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்திருந்த நிலையில் நாயுடு இறங்கினார். 116 நிமிஷங்களில் 153 ரன்! அதில் 11 ஸிக்ஸர்கள். அவற்றுள் ஒன்று ஜிம்கானா கட்டடத்தின் கூரைமேல் போய் விழுந்தது. செய்தி நகரத்தில் பரவ, ஆபீஸை விட்டும் கடையை விட்டும் ஜனங்கள் ஓடிவந்து மரத்தின்மேலும் மாடியின்மேலும் ஏறி நின்று கண்டார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டம் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது? ரன் கணக்கால் மட்டும் அன்று. வெள்ளையர் கொண்டுவந்த ஆட்டம். வெள்ளையரே அதன் விதிகளை வகுத்தவர். அவர்களோடு ஆடும்போது தோற்காமல் ஒதுங்கி நின்றால் போதும் என்ற எண்ணமே நம்மவரிடம் மேலோங்கியிருந்தது. அந்த எண்ணத்தை ஒரு பிற்பகலில் ஒருவர் தம் மட்டையால் அடித்துப் போக்கினார். எதிர்க் கோஷ்டியாரும் மனம் குறுகாமல் அவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாக அளித்துச் சிறப்பித்தார்கள். கில்லிகன் ஊர் திரும்புமுன், இந்தியா டெஸ்ட் பந்தயம் ஆடத் தகுதியுடையதென்றும் அதற்கு ஒரு நிர்வாக சபை அமைய வேண்டுமென்றும் ஊக்கினார். 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது.

1932-இல் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்து சென்றது. ஆட்டத்தில் முதல்வர் நாயுடு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் காப்டன் பதவி அக்காலத்தில் ஆட்டத் திறமைக்கு உரியதன்று, முடிக்கு உரியது. போர்பந்தர் மகாராஜா காப்டனாகவும், லிம்ப்டி சமஸ்தானத்து இளவரசர் உதவிக் காப்டனாகவும் கப்பலேறினர். போர்பந்தர் மன்னரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தம் ஆட்டத்தின் அளவை அவர் அறிந்திருந்தார்; டெஸ்ட் பந்தயத்துக்குத் தாமே ஒதுங்கிக்கொண்டார். அரசர்களிடத்தில் எளிதில் காணக் கிடைக்காத குணம் அது. லிம்ப்டி இளவரசரும் காயத்தால் விலக நேர்ந்தது. இவ்வாறு 1932 ஜூன் 25-ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், இந்தியாவின் முதல் டெஸ்ட் பந்தயத்தில், முடியில்லாத ஒருவர் காப்டனாக நின்றார்.

அன்று காலை முகம்மது நிஸாரின் வேகப் பந்து இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவரையும் சாய்த்தது. உல்லி ரன் அவுட் ஆனார். 19 ரன்னுக்கு 3 விக்கெட்! இந்தியரை விளையாட்டுப் பிள்ளைகளாக எண்ணிப் பார்க்க வந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பின்பு இங்கிலாந்து சமாளித்து 259 எடுத்தது. பந்தைத் தடுக்கையில் நாயுடுவின் கையில் பலத்த அடிபட்டது. அந்தக் கையோடு ஆடியும் 40 ரன் எடுத்தார். இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் எவரும் அதற்கு மேல் எடுக்கவில்லை. முடிவில் 158 ரன்னில் இந்தியா தோற்றது. தோல்வி தோல்விதான், ஆயினும் மூன்று நாள் நிமிர்ந்து நின்ற தோல்வி அது.

அந்தப் பயணத்தின் முதல் தரப் பந்தயங்களில் அவர் 1,618 ரன் குவித்தார். 65 விக்கெட்டும் எடுத்தார். லார்ட்ஸில் எம். ஸி. ஸி.க்கு எதிராக ஆட்டமிழக்காமல் 118 அடித்தார். எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் அவர் அடித்த ஸிக்ஸர் ஒன்று வேடிக்கையானது. மைதானத்தை ஒட்டி ஓடும் ரீ என்னும் சிற்றாறு அந்நாளில் வார்விக்ஷயர், வொஸ்டர்ஷயர் என்னும் இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக இருந்தது. பந்து ஆற்றைக் கடந்து விழுந்தமையால் ஒரு மாவட்டத்தில் அடித்த பந்து மறு மாவட்டத்தில் விழுந்தது என்று இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். கிரிக்கெட்டின் பஞ்சாங்கம் என்று சொல்லத்தக்க விஸ்டன் ஆண்டுப் புத்தகம் 1933-இல் அவ்வாண்டின் ஐந்து சிறந்த வீரர்களுள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குமுன் ரஞ்சித்சிங், துலீப்சிங், பட்டோடி ஆகிய இந்தியர் அவ்வரிசையில் ஏறியதுண்டு. அவர்கள் இங்கிலாந்துக் கோஷ்டிகளில் ஆடிப் பெற்ற பெயர் அது. இந்தியக் கோஷ்டியில் ஆடி அதைப் பெற்றவர்களில் நாயுடுவே முதல்வர்.

1933-34-இல் ஜார்டைன் கோஷ்டி இந்தியா வந்தபோது மூன்று டெஸ்ட்களிலும் நாயுடுவே காப்டன். பம்பாயில் லாலா அமர்நாத் தம் முதல் டெஸ்டிலேயே 118 அடித்தபோது மறுமுனையில் துணை நின்று 67 எடுத்தவர் அவர்தான். மூன்றாவது டெஸ்ட் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயம் அதுவே. அமர் சிங் 7 விக்கெட் எடுத்தும் இந்தியா தோற்றது.

1936-ஆம் ஆண்டை எழுதக் கை தயங்குகிறது. மறுபடி இங்கிலாந்துப் பயணம். காப்டன் தேர்தலில் விஜயநகரம் மகாராஜகுமாரர் நாயுடுவை வென்றார். ஆட்டத்தில் வென்றிருந்தால் யாரும் குறை சொல்லார், செல்வாக்கில் வென்றார். கோஷ்டி இரண்டு பட்டது. அமர்நாத் பாதிப் பயணத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நாயுடுவைக் காலை உணவு மேஜையில் பலர் முன்னே அவமதித்த ஓர் ஆட்டக்காரருக்கு அதன் பரிசாகவே டெஸ்டில் இடம் கிடைத்தது என்ற பேச்சும் உண்டு. பின்னர் நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்தது. அதன் அறிக்கை மகாராஜகுமாரரின் தலைமையைக் கண்டித்தது. நாயுடுவும் ஒதுங்கியே இருந்துவிட்டார், காப்டனுக்கு ஒத்தாசை செய்யவில்லை என்று அவர்மீதும் குறை கூறியது. அக்குறையில் உண்மை இல்லாமலிராது. அவர் இளகிய சுபாவம் உடையவர் அல்லர். தோளில் கை போட்டுப் பேசுபவரும் அல்லர். ஆனால் தம்மினும் பன்மடங்கு குறைந்த ஆட்டக்காரரின் கீழ் நிற்க விதிக்கப்பட்ட மனிதர் முகமலர்ச்சியோடும் இருக்க வேண்டுமென்று கேட்பது கொஞ்சம் அதிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவர் விடை சொன்ன இடம் மைதானம். ஓவல் டெஸ்டில் ஆலன் வீசிய பந்து நெஞ்சிலே பலமாகத் தாக்கியது. வலியோடு நின்று 81 ரன் அடித்தார். டெஸ்ட் பந்தயங்களில் அவர் எடுத்த மிகுந்த ரன் அதுவே. அவருடைய கடைசி டெஸ்டும் அதுவே. அப்போது அவருக்கு வயது நாற்பது.

நாற்பதில் ஓய்ந்திருந்தால் கதை இங்கே முடியும். அவரோ அதன்பின்தான் ஹோல்கார் கோஷ்டியைக் கட்டி எழுப்பினார். 1944-45 முதல் ஒன்பது பருவங்களில் எட்டுமுறை அக்கோஷ்டி ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தை எட்டியது. நான்கு முறை கோப்பையை வென்றது. முஷ்டாக் அலி, சர்வடே, நிம்பால்கர், ஜக்தாளே, தம்பி ஸி. எஸ். நாயுடு ஆகியோர் அதில் ஆடினர். போர்க்காலத்தில் இந்தியாவில் பணியாற்ற வந்த இங்கிலாந்து வீரர் டெனிஸ் காம்டன்கூட ஒருமுறை அக்கோஷ்டிக்கு ஆடி, இறுதிப் பந்தயத்தில் ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார். அதே பந்தயத்தில் தம்பி நாயுடு 917 பந்துகள் வீசினார் என்றால், அண்ணன் எத்தகைய காப்டன் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்!

இனி மைசூரின் கதை. 1945-46-இல் ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் மைசூர் ராஜ்யக் கோஷ்டி இந்தூருக்குச் சென்று ஹோல்காரைச் சந்தித்தது. ஹோல்கார் 8 விக்கெட்டுக்கு 912 ரன் எடுத்து ஆட்டத்தை நிறுத்தியது. பண்டார்கர், சர்வடே, ஜக்தாளே, நாயுடு, நிம்பால்கர், பிரதாப் சிங் என்று ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதம் அடித்தனர். முதல் தரக் கிரிக்கெட்டில் அதற்குமுன் எங்கும் நிகழாதது அது. ஐம்பது வயது நாயுடுவின் பங்கு 101. மைசூரின் கருடாசார் 4 விக்கெட் எடுத்தார். அதற்கு அவர் கொடுத்த ரன் 301! வேறொருவராயின் மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திரார். கருடாசாரோ இரண்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடித்து 164 ரன் அடித்தார். மைசூர் ஐந்நூறைத் தாண்டியும் இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்க முடியவில்லை. ஆறு சதங்களையும் வியக்கும் நாம் அந்த ஒரு சதத்துக்குச் சற்று அதிகமாகவே கை தட்டலாம் என்பது நம் கருத்து. கருடாசார் நெடுநாள் வாழ்ந்து, நூறு வயதை எட்டும் தறுவாயில் 2016-இல் காலமானார். சென்னை ரசிகர்களுக்கும் ஒரு சேதி: 1954-55-இல் சென்னை முதன்முதல் ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது இதே ஹோல்கார் கோஷ்டியை இந்தூரிலேயே வென்றுதான்.

நாயுடுவின் கண்டிப்பைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. 1951-52 இறுதிப் பந்தயத்தில் பம்பாயின் பட்கர் வீசிய பந்து ஒன்று எழும்பி அவர் வாயில் தாக்கி இரு பற்களைப் பெயர்த்துவிட்டது. ஆடுகளத்தில் விழுந்த பற்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று பட்கருக்கே சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்பர். அப்போது வயது 56. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்வதே அவருக்குப் பிடிக்காதாம். தமக்கு விதித்துக்கொண்ட கடுமையைப் பிறர்க்கும் விதித்தார், அதனால் அஞ்சப்பட்டார், அன்பு செலுத்தியவர்கள் தொகை அதைவிடக் குறைவாயிருக்கலாம்.

1956-இல் அரசாங்கம் பத்மபூஷண் விருது அளித்தது. அறுபது வயதைக் கடந்தபின் 1956-57-இல் உத்தரப் பிரதேசக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். கடைசி இன்னிங்ஸில் 52 ரன் எடுத்தார். 1963-இல் 68 வயதில் பாதுகாப்பு நிதிக்காக நாகபுரியில் நடந்த பந்தயத்தில் இறங்கியதே அவருடைய இறுதி முதல் தரப் பந்தயம். 1916-இல் தொடங்கிய ஆட்டம் பிறந்த ஊரிலே முடிந்தது. 1967 நவம்பர் 14-ஆம் நாள் இந்தூரில் உயிர் நீத்தார்.

கணக்கைப் பார்ப்போம். 207 முதல் தரப் பந்தயங்கள், 11,825 ரன், 26 சதம், 411 விக்கெட். டெஸ்ட் பந்தயங்களோ ஏழே ஏழு, 350 ரன், சராசரி 25. டெஸ்ட் கணக்கை மட்டும் பார்க்கும் இக்காலத்துப் பையன், இவரா பெரியவர் என்று கேட்பான். முதல் டெஸ்ட் வந்தபோதே அவருக்கு 36 வயது என்பது அவனுக்குத் தெரியாது. பம்பாயின் அந்த 153-ஐ இன்று நாம் அறிவது ஸ்கோர் தாளாலும் கண்டவர் எழுத்தாலும்தான். ஆகவேதான் அவரைப் பற்றிய சின்னஞ்சிறு காகிதமும் விலை பெறுகிறது.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டைகளைச் சிகரெட் பெட்டியிலும் மிட்டாய்ப் பொட்டலத்திலும் வைத்து விற்றனர். பிள்ளைகள் சேர்த்தனர், தாய்மார் குப்பையில் போட்டனர். போடாமல் தப்பிய மிக்கி மாண்டில் என்பவரின் 1952-ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022-இல் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு விலை போயிற்று. நம் நாட்டில் அத்தகைய பித்து இல்லை. ஆனால் பிள்ளைகளின் ஆசை ஒன்றே. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் பிக் ஃபன் பப்பிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை எண்ணி எண்ணி அடுக்காத பையன் நம் காலனியில் இருந்ததில்லை. தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள் உண்டு; தேதி குத்திய அட்டை ரயில் டிக்கெட் சேர்த்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பழைய டிக்கெட்டை இன்று நம் ஊர் ரயில் மியூஸியத்தில் காட்டினால் பிள்ளைகள் அதிசயப்படுகிறார்கள்.

நாயுடுவின் சம்பந்தமாகச் சேகரிப்போர் தேடுவன இவை. முதலாவது, 1933-ஆம் ஆண்டு விஸ்டன். இரண்டாவது, 1932 கோஷ்டியார் அனைவரும் கையொப்பமிட்ட தாள்கள். நீண்ட பயணங்களில் ஆட்டக்காரர்கள் இத்தகைய தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பது வழக்கம். இவற்றை வாங்குவோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அச்சிலேயே கையொப்பம் பதித்த தாள்களும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மைக்கோடு புள்ளி புள்ளியாகத் தெரிவது அச்சு. மூன்றாவது, பழைய பத்திரிகைகளில் வந்த விளம்பரம். 1941-இல் பாத்கேட் கம்பெனியாரின் ஈரல் டானிக்குக்கு நாயுடுவின் பெயரும் படமும் விளம்பரமாக வந்தன. இந்தியக் கிரிக்கெட் வீரர் ஒருவர் ஒரு சரக்குக்குச் சான்று கூறி விளம்பரத்தில் தோன்றியது அதுவே முதல்முறை என்பர். இன்று பானம், பற்பசை, பனியன் யாவற்றுக்கும் முகம் காட்டும் வீரர்களின் பரம்பரை ஓர் ஈரல் மருந்தில் தொடங்கியிருக்கிறது!

நூல்களும் உண்டு. வசந்த் ராய்ஜி அவர் வரலாற்றை எழுதினார். மகளார் சந்திரா நாயுடு தந்தையின் நினைவுகளை 1995-இல் நூலாக்கினார். அவ்வம்மையார் இந்தூரில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனை செய்த முதல் பெண்மணி, 2021-இல் காலமானார். தந்தை பெற்ற மகளுக்கு ஆட்டத்தின்மேல் இருந்த பற்றுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொருள்களைவிடப் பெயரே நெடுநாள் நிற்கிறது. ராஜ்யக் கோஷ்டிகளில் இளைஞர்கள் ஆடும் பந்தயத்துக்கு நாயுடு கோப்பை என்று பெயர். வாழ்நாள் சாதனைக்காகக் கிரிக்கெட் வாரியம் 1994 முதல் வழங்கும் விருதும் அவர் பெயரில்தான். முதலில் அதைப் பெற்றவர் 1936-இல் பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட அதே லாலா அமர்நாத்! நம் மைசூர் கங்கோத்ரி மைதானத்தில் 2010 ஜனவரியில் ரஞ்சி இறுதிப் பந்தயம் நடந்து கர்நாடகம் 6 ரன்னில் கோப்பையை இழந்ததை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. அன்று கூட்டம் வேலிமேலும் மரத்திலும் ஏறி நின்றதைக் கண்டபோது 1926 பம்பாயைப் படித்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமலிராது.

நம் போன்ற குமாஸ்தாக் குடும்பத்தாருக்கு விஸ்டனும் கையொப்பத் தாளும் எட்டாக் கனி. எட்டக்கூடியது ஒன்று உண்டு. 1996-இல் தபால் இலாகா கிரிக்கெட் வீரர்கள் நால்வருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது: தேவ்தர், விஜய் மெர்ச்சண்ட், வினூ மங்கட், நாயுடு. ஒவ்வொன்றும் 2 ரூபாய். பழைய தலை விற்போரிடம் இன்றும் பெரிய விலையின்றிக் கிடைக்கிறது. பிள்ளைகள் உறையிலிருந்து அதைப் பிய்த்து எடுக்கலாகாது. உறையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுக் கத்தரித்து, குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டால் தானே கழன்று வரும். பழைய செய்தித்தாளின்மேல் கவிழ்த்து உலர்த்திப் புத்தகத்தின் இடையே வைத்தால் சுருங்காது. பசை தடவி ஒட்டுவதும் கூடாது. பிளாஸ்டிக் தாளிட்டு உருக்கி மூடுவதும் கூடாது. பழைய பத்திரிகை நறுக்குக்கும் இதுவே விதி. நம் வீடுகளில் இராமபாணப் பூச்சிக்கு இரையாகிக் கிடக்கும் டிரங்குப் பெட்டிகளில் 1967 நவம்பர் மாதத்துத் தமிழ்ப் பத்திரிகை ஏதேனும் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சேகரிப்போர் சிலர் முத்திரை குத்தாத தலையே உயர்ந்தது என்பர். நாம் வைத்திருப்பது முத்திரை குத்தியது. நாகபுரியிலிருந்து மைசூருக்கு ஒரு கடிதத்தை ரயிலில் சுமந்து வந்த தலை அது; நாயுடுவின் முகத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரின் பெயர் வட்ட முத்திரையில் பாதி தெரிகிறது.